உளுத்த மாங்கட்டையில் கறுப்புக் கோடுகள்: பிசினுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூர்ப் பக்கம், கொல்லையில் இரண்டு வருடம் முன்பு வெட்டிய மாமரம். அடிக்கட்டை மாட்டுக் கொட்டகை ஓரமாகவே கிடந்திருக்கிறது. போன மாதம் மில்லில் கொடுத்து அறுத்தால், உள்ளே மைப்பேனாவால் இழுத்த மாதிரி கறுப்புக் கோடுகள். கூடவே குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டைகள். தட்டினால் மாவு கொட்டுகிறது, சில இடங்களில் நகத்தால் அழுத்தினாலே பள்ளம் விழுகிறது. இதில் பேனா, கத்திப்பிடி, சின்னப் பெட்டி ஒன்று செய்ய ஆசை. ஃபெவிக்விக் போதுமா, ஆரல்டைட் வேண்டுமா, இல்லை வேக்குவம் பம்ப் வாங்கித்தான் ஆக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதற்குள் மூன்று கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வண்டு இன்னும் உள்ளே உயிரோடு இருக்கிறதா? கட்டை எவ்வளவு தூரம் மக்கியிருக்கிறது? செய்யப்போகும் பொருள் எவ்வளவு அடி தாங்க வேண்டும்? இவற்றுக்குப் பதில் தெரிந்துவிட்டால் எந்தப் பிசின் என்பது தானாக முடிவாகிவிடும். பிசின் இந்த வேலையில் கிட்டத்தட்டக் கடைசிப் படி. எல்லோரும் அதிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் 20 வருடமாகக் கடைசல் வேலை செய்கிறேன். ரப்பர் கட்டை புழங்கும் ஊர். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது தோட்டம் தோட்டமாக ரப்பர் மரங்கள் சாய்ந்தன. உடனே அறுத்து மருந்தில் போடாவிட்டால் ரப்பர் கட்டையில் சில நாட்களிலேயே பூசணத்தால் நீலக் கறை பாய்ந்துவிடும், பின்னாலேயே வண்டும் வரும். அப்படிக் கிடந்து கெட்ட கட்டைகளை விறகு விலைக்கு வாங்கிவந்துதான் இதைக் கற்றுக்கொண்டேன். ஓரடிக்குக் குறைந்த துண்டுகள்தான் என் அனுபவம். மேசைப் பலகை அளவில் செய்பவர்களுக்கு நான் சொல்வது அப்படியே பொருந்தாது.

முதலில் அந்தக் கோடுகள். ஆசாரிகள் இதை 'மக்குன கட்டை' என்று அடுப்புக்குத் தள்ளிவிடுவார்கள். வெளிநாட்டுக் கடைசல்காரர்கள் இதையே 'ஸ்பால்டட்' என்று பெயர் வைத்துக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். நம் புளியங்கட்டையில் இப்படிக் கோடு விழுந்தது அங்கே நல்ல விலைக்குப் போகிறது. கட்டைக்குள் பூசணம் வளரும்போது தன் எல்லையை அடைத்துக்கொள்ள மெலனின் என்ற கறுப்புப் பொருளால் சுவர் கட்டும். பக்கத்தில் வேறு பூசணம் இருந்தால் அதைத் தடுக்க, தன் பகுதி காய்ந்துபோகாமல் காக்க, இரண்டுக்குமே இந்தச் சுவர்தான். நாம் அறுக்கும்போது சுவரின் வெட்டுமுகம் கோடாகத் தெரிகிறது. கோடு கெட்டியாகத்தான் இருக்கும். அதன் ஒரு பக்கமோ இரு பக்கமுமோ வெளிறி, மெத்தென்று இருப்பதுதான் உண்மையில் மக்கிய பகுதி. உளி வைத்தால் கோட்டில் நின்று, அடுத்த நூலளவில் பிய்த்துக்கொண்டு போவது இதனால்தான்.

மக்குவதில் ஒரு விஷயம் கண்ணுக்குத் தெரியாது. மரம் அடி தாங்கும் குணத்தைத்தான் முதலில் இழக்கும். எடை பெரிதாகக் குறைந்திருக்காது, நகமும் இறங்காது, ஆனால் வளைத்தால் சாக்பீஸ் மாதிரி 'டக்'கென்று உடையும். பிசின் ஏற்றினால் கடினம் வரும், நசுங்காது, பளபளப்பாகத் தேய்க்கலாம். போன அந்த வளைந்து கொடுக்கும் குணம் மட்டும் திரும்பாது. அதனால் பேனா, பெட்டி மூடி, இரண்டு பக்கமும் வைத்து ஆணி அடிக்கும் கத்திப்பிடி எல்லாம் சரி. சுத்தியல் பிடி, உளிப்பிடி, வெட்டுக்கத்திக்கு உள்ளே முளை இறக்கும் ஒற்றைப்பிடி, இவற்றுக்கு எவ்வளவு பிசின் ஊற்றினாலும் வேண்டாம்.

சோதனை எளிது. பலகை முனையிலிருந்து விரல் மொத்தத்தில் ஒரு குச்சி சீவி, கையால் உடையுங்கள். நீள நீளமாக நார் கிளம்பினால் நல்லது. நேராக, நார் இல்லாமல் துண்டானால் பிசின் இல்லாமல் அதைத் தொட வேண்டாம். விரலால் கசக்கினால் பொடியாகிறதா? அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிடுங்கள். நான் வாங்கும் கட்டையில் பாதிக்கு மேல் குப்பைக்குத்தான் போகும். அதில் எனக்கு வருத்தமே கிடையாது.

இனி பூச்சி. மாவு கொட்டுகிறது என்றால் எந்த மாதிரி மாவு என்று பாருங்கள். விரலில் தேய்த்தால் முகப்பவுடர் போல வழுக்கி, ஓட்டை 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை இருந்தால் லிக்டஸ் வகைப் பொடிவண்டு. ஓட்டை இன்னும் கொஞ்சம் பெரிதாக, 2 முதல் 3 மில்லிமீட்டர் இருந்தால் பெரும்பாலும் சினோக்சைலான் வகை வண்டு. நம் ஊர் மாங்கட்டை, ரப்பர் கட்டை இரண்டிலும் சாதாரணமாகக் காணலாம். விரல் நுழையும் அளவுக்குச் சுரங்கம், உள்ளே நார்நாராகச் சக்கை என்றால் அது மாமரத் தண்டுத்துளைப்பானின் புழு, மரம் நிற்கும்போதே ஏறியது. இன்னொரு வகை உண்டு: ஊசி ஓட்டை, சுற்றிலும் கறுப்பு வளையம், உள்ளே தூளே இருக்காது. அது பச்சைக் கட்டையில் மட்டும் வாழும் வண்டு. தன் தீனிக்கான பூசணத்தைத் தானே கொண்டுவந்து வளர்க்கும், கட்டை காய்ந்தால் செத்துவிடும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம், அழகுக்கு விட்டுவிடலாம். மண் ஒட்டிய கரையான் அரிப்பு என்றால் அந்தத் துண்டை யோசிக்காமல் ஒதுக்குங்கள்.

பொடிவண்டு தேடுவது கட்டையிலுள்ள மாவுச்சத்தை. அதனால் வைரம் பாய்ந்த நடுக்கட்டையை விட்டுவிட்டு வெளி வெள்ளைக்கட்டையைத்தான் தின்னும். மாமரம், ரப்பர் இரண்டிலும் வைரம் என்று சொல்லிக்கொள்ள பெரிதாக ஒன்றும் கிடையாது, முழுதுமே அதற்குச் சாப்பாடு. மூங்கிலை வெட்டியதும் குளத்தில் ஊறப்போடும் பழைய வழக்கத்துக்கும் காரணம் இந்தச் சத்துதான். தண்ணீரில் ஊறும்போது அது குறைகிறது. தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்பதையும் எங்கள் பக்கம் சொல்வார்கள். அதை நான் நம்பி வேலை செய்வதில்லை.

லிக்டஸ் ஓட்டை வண்டு வெளியே போன வாசல். ஓட்டை இருப்பதால் மட்டும் உள்ளே பூச்சி இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. பலகையை நன்றாகத் தட்டி மாவை உதறிவிட்டு, கறுப்புத் தாள் மேல் வைத்து பிளாஸ்டிக் பையில் கட்டி இரண்டு மூன்று வாரம் விடுங்கள். தாளில் புது மாவு விழுந்திருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. விழாவிட்டால் ஆள் இல்லை என்று உறுதி ஆகிவிடாது, ஏனென்றால் புழு சத்தமில்லாமல் மாதக்கணக்கில் உள்ளேயே தின்றுகொண்டிருக்கும். அதனால் நான் சோதனையெல்லாம் பார்ப்பதில்லை, எல்லாக் கட்டையையும் சூடாக்கிவிடுகிறேன்.

சூட்டுக்கு உறுதியான கணக்கு இருக்கிறது. ஏற்றுமதிப் பெட்டிக் கட்டைகளுக்கான சர்வதேச விதி, கட்டையின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் இருக்க வேண்டும் என்கிறது. நடுப்பகுதி என்பதை மறந்துவிடக் கூடாது. அடுப்பு முள் 60 காட்டுவதும் ஒன்றரை அங்குலக் கட்டையின் நடு 60 ஆவதும் ஒன்றல்ல. இருப்பதிலேயே தடித்த துண்டில் துளை போட்டுக் கம்பி வெப்பமானியை இறக்கிப் பாருங்கள். சித்திரை வெயிலில் கறுப்பு பாலித்தீன் சுற்றி வைத்தால் போதும் என்பவர்கள் உண்டு. மெல்லிய பலகைக்கு நடக்கலாம், நான் அதை நம்பி விட மாட்டேன். வீட்டு ஃப்ரீசரில் ஒரு வாரம் வைப்பதும் ஒரு வழி. அருங்காட்சியகங்களில் மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் வைப்பது வழக்கம். வீட்டு ஃப்ரீசர் அந்தக் குளிருக்கு இறங்குகிறதா என்பதுதான் கேள்வி.

மண்ணெண்ணெய் தடவுவது, கரையான் மருந்து தடவுவது இரண்டையும் இந்தப் பொருட்களுக்கு விட்டுவிடுங்கள். மண்ணெண்ணெய் மேலோடு நின்றுவிடும், பிறகு பசையும் பாலிஷும் பிடிக்காது. கரையான் மருந்து, கையில் பிடித்து எழுதும் பேனாவுக்கு வேண்டவே வேண்டாம். ரப்பர் மில்களில் போடும் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல் நல்ல மருந்துதான். ஆனால் ஈரக் கட்டையில்தான் அது உள்ளே இறங்கும். காய்ந்த கட்டையில் தடவினால் மேலே உப்புப் பூத்து நிற்கும்.

அடுத்தது காய வைப்பது. என்னிடம் கெட்டுப்போனவற்றில் பெரும்பாலானவை இங்கேதான் கெட்டன. கட்டையின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே போனால் பூசணம் வளர்வது நின்றுவிடும். நிழலில் அடுக்கி வைத்தாலே அந்த அளவுக்கு வந்துவிடும். பசை ஊற்றவும் ஃபெவிக்விக் போடவும் அது போதும். வேக்குவம் முறைக்கு, அதாவது கட்டையிலுள்ள காற்றை இழுத்துவிட்டுப் பிசினை ஏற்றும் முறைக்குப் போதாது, அங்கே ஈரம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். துண்டுகளை வேண்டிய அளவைவிடக் கொஞ்சம் பெரிதாக அறுத்து, 105 டிகிரியில் ஓ.டி.ஜி. என்ற மின்சார அடுப்பில் ஒரு நாள் முழுக்க வையுங்கள். சமையல் தராசு ஒன்று வாங்கி எடையைக் கட்டையிலேயே பென்சிலால் எழுதிக்கொண்டு வாருங்கள். சில மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை ஒரே எடை வந்தால் காய்ந்துவிட்டது. இந்தச் சூட்டில் வண்டும் புழுவும் முட்டையும் சேர்ந்தே செத்துவிடும், தனியாகக் கொல்லும் வேலை மிச்சம். சமைக்கும் அடுப்பில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். வீட்டில் ஒரு வாரத்துக்குப் பேச்சு வாங்க வேண்டியிருக்கும், நாற்றம் அப்படி. எடுத்ததும் சூட்டோடு ஜிப் பையில் போட்டு மூடி ஆற விடுங்கள். நம் கடற்கரைப் பக்கக் காற்றில் திறந்து வைத்தால் மறுநாளுக்குள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

சரி, இப்போது நீங்கள் கேட்ட பிசினுக்கு வருவோம்.

பேனாவுக்கு ஃபெவிக்விக் ஜாதிப் பசையே போதும். சின்னக் குழாயில் வருவதை வாங்காமல், தண்ணீர் மாதிரி ஓடும் மெல்லிய வகையைப் பாட்டிலில் வாங்குங்கள். அது கட்டையின் தலைப்பக்கத்திலிருந்து, அதாவது குறுக்கே அறுத்த முகத்திலிருந்து, நன்றாக உறிஞ்சப்படும், பக்கவாட்டில் சில மில்லிமீட்டர்தான் போகும். அதனால் முழுக்கட்டையில் ஊற்றிப் பயனில்லை. கடைசலில் கிட்டத்தட்ட வடிவம் வரும்வரை எடுத்துவிட்டு, எந்திரத்தை நிறுத்தி, மெத்தென்று இருக்கும் இடமெல்லாம் நனையும்படி விடுங்கள். இறுகியதும் கூரான உளியால் அடுத்த சுற்று. இப்படி மூன்று நான்கு தடவை. ஒரு இடத்தில் மட்டும் விட்டால் அங்கே கறை மாதிரி இருண்டு நிற்கும், ஆகவே முழு மேற்பரப்பையும் நனைத்துவிடுவது நல்லது. பருத்தித் துணியால் மட்டும் துடைக்காதீர்கள். இந்தப் பசை பருத்தியில் பட்டால் சட்டென்று சூடேறிப் புகையும், சட்டைக் கையில் பட்டால் தோல் வெந்துவிடும்.

ஆரல்டைட் ஓட்டை அடைக்கத்தான். அது கெட்டி, மக்கிய மரத்துக்குள் தானாக இறங்காது. லேசாகச் சூடாக்கினால் இளகும், ஆனால் சீக்கிரம் இறுகவும் செய்யும். தின்னர் கலந்து தண்ணீராக்கலாம் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். கலந்தால் உள்ளே போகும் என்பது உண்மை, தின்னர் ஆவியான பிறகு மிஞ்சுவது பலம் குறைந்து, சுருங்கி நிற்கும் என்பதும் உண்மை. ஓட்டைக்குப் போடும்போது காப்பித்தூளை அதில் குழைத்தால் கறுப்புக் கோட்டோடு சேர்ந்துபோகும் நிறம் வரும். மரத்தூள் போட்டுக் கடையில் விற்கும் மக்கு (ஓட்டை அடைக்கும் பட்டி) பூசினால் புண்ணுக்குப் பிளாஸ்திரி ஒட்டிய மாதிரித் தெரியும், எனக்குப் பிடிக்காது.

மூன்றாவது வழி, அக்ரிலிக் பிசினை அசிட்டோனில் கரைத்துப் பூசுவது. பூச்சி அரித்த பழைய மரச்சிற்பங்களுக்குப் பாதுகாப்பாளர்கள் பாரலாய்ட் பி-72 என்ற பிசினை இப்படித்தான் கரைத்து ஏற்றுகிறார்கள். நீர்த்த கரைசலாகப் பல தடவை கொடுத்தால் மெதுவாக உள்ளே போகும். உங்கள் பெட்டியின் பக்கப் பலகைகளுக்கு இது சரியாக வரும். அசிட்டோன் முழுக்க வெளியேற நாட்கள் பிடிக்கும், பக்கத்தில் நெருப்பு கூடவே கூடாது, வேக்குவம் பாத்திரத்தில் இதை வைக்கவும் கூடாது. தெர்மாகோலைத் தின்னரில் கரைத்துப் பூசும் வீடியோக்களை அனுப்பி என்னிடம் கேட்பார்கள். மேலே ஒரு தோல் படியும், அடியில் கட்டை அப்படியே உளுத்திருக்கும்.

கத்திப்பிடிக்குத்தான் வேக்குவம் முறை உண்மையில் தேவை. வியர்வை, தண்ணீர், இறுக்கிப் பிடிக்கும் அழுத்தம் மூன்றையும் அது தாங்க வேண்டும் அல்லவா. காக்டஸ் ஜூஸ் என்ற பெயரில் விற்பது போன்ற, சூட்டில் இறுகும் மெத்தாக்ரிலேட் பிசினில் கட்டையை அமிழ்த்தி, மிதக்காமல் பாரம் வைத்து, ஏ.சி. மெக்கானிக்குகள் பயன்படுத்தும் வேக்குவம் பம்பால் காற்றை இழுக்க வேண்டும். முதலில் நுரை பொங்கும், பாத்திரத்தில் மேலே இடம் விட்டிருக்க வேண்டும். குமிழ் கிட்டத்தட்ட நிற்கும்வரை ஓட்டுங்கள். மணிக்கணக்காகும், மக்கிய கட்டையில் அரை நாள்கூட ஆகும். நிற்கவே இல்லை என்றால் கட்டையில் ஈரம் இருக்கிறது, அல்லது மூடியில் கசிவு. கடல் மட்டத்தில் நல்ல பம்ப், வேக்குவம் அளவியில் பாதரசக் கணக்கில் 29 அங்குலம் வரை காட்டும். ஊட்டியில் இருந்துகொண்டு முள் 22, 23-ஐத் தாண்டவில்லை என்று பம்ப் விற்றவரிடம் சண்டை போட வேண்டாம், அந்த உயரத்தில் காற்றழுத்தமே அவ்வளவுதான். பம்பை நிறுத்திக் காற்றை உள்ளே விட்ட பிறகுதான் பிசின் கட்டைக்குள் ஏறுகிறது. ஆகவே உடனே எடுத்துவிடாமல், பம்ப் ஓடிய நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஊற விடுங்கள். பிறகு வடித்து, தனித்தனியாக அலுமினியத் தாளில் சுற்றி, நடுப்பகுதி 93 டிகிரிக்கு வரும்படி அடுப்பில் வைத்தால் இறுகிவிடும். கண்ணாடி ஜாடியை இதற்கு எடுக்காதீர்கள், உள்நோக்கி வெடித்துச் சிதறும்.

இந்த முறையைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது, ஓட்டையும் சேர்ந்து அடைபட்டுவிடும் என்று. அடைபடாது. பிசின் மரத்தின் நுண்ணிய துளைகளில் நிற்கும், வண்டு ஓட்டையிலிருந்து வழிந்து வெளியே வந்துவிடும். ஓட்டையைப் பிறகு தனியாகத்தான் நிரப்ப வேண்டும்.

எந்த முறையானாலும் முதலில் சுரங்கத்திலுள்ள மாவைச் சுத்தமாக எடுங்கள். கோணி ஊசி, சைக்கிள் பம்ப் இரண்டும் போதும். ஒருமுறை ரப்பர் கட்டையில் கிண்ணம் ஒன்று கடைந்துகொண்டிருந்தேன். சுரங்கம் முழுக்க மாவு இறுகி அடைத்திருந்ததால் தட்டிப் பார்த்தபோது கெட்டியாகவே சத்தம் வந்தது. மேலே விட்ட பசை மாவிலேயே உறிஞ்சிப்போய் ஓடு மாதிரி நின்றுவிட்டது போல. சுவர் மெலிந்ததும் கிண்ணம் இரண்டாகப் பிளந்து ஒரு பாதி என் தோளுக்கு மேலே பறந்தது. முகக்கவசம் போடாமல் நின்றிருந்தேன், என் அசட்டுத்தனம். அதிலிருந்து இந்தக் கட்டையில் வேகத்தைக் குறைத்துத்தான் ஓட்டுகிறேன்.

தூளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதியாகப் பட்டியலிட்டிருக்கும் விஷயம். மக்கிய கட்டையில் பூசண வித்துகளும் சேரும். ஆரோக்கியமானவருக்கு மற்ற மரத்தூளைவிட இது எவ்வளவு கூடுதல் கெடுதல் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆஸ்துமா இருப்பவர்கள் தள்ளி நிற்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடே இல்லை. என்95 முகமூடி குறைந்தபட்சம். மா, முந்திரிக் குடும்பத்து மரம். மாம்பால் பட்டால் சிலருக்கு வாயோரம் புண் வருவது போல இந்தத் தூளும் தோலில் அரிப்பைக் கிளப்பலாம். முழங்கைவரை மூடிக்கொள்ளுங்கள். சோறு, குழம்பு படும் கிண்ணம் எதுவும் இதில் செய்ய வேண்டாம், அதற்கு நல்ல கட்டை எத்தனையோ இருக்கிறது.

சூட்டில் கொன்றது அன்றைக்கு இருந்த பூச்சியை மட்டும்தான். பூச்சு இல்லாமல் போட்டு வைத்தால் புது வண்டு வந்து முட்டையிடும். லிக்டஸ் திறந்த நுண்துளையில்தான் முட்டை வைக்கும் என்பதால், பெட்டியின் உள்பக்கம், அடிப்பக்கம் உட்பட எல்லா முகத்திலும் அரக்கு பாலிஷோ வார்னிஷோ ஏற்றுங்கள்.

கடைசியாக, மாவு கொட்டும் அந்தப் பலகைகளை வீட்டுக்குள் படிக்கட்டு அடியில் அடுக்கியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். பிசின் முடிவெல்லாம் பிறகு பார்க்கலாம். முதலில் அவற்றை வெளியே தனியாக எடுத்து வையுங்கள். பக்கத்திலுள்ள மர அலமாரியின் பின்பலகையிலும், கட்டில் சட்டங்களின் அடியிலும் டார்ச் அடித்து, தரையில் புது மாவு விழுந்திருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.